வெயில் தந்த வடுவும் வெளிச்சம் தந்த மருந்தும்

“வெயிலில் அலையாதே, கறுத்துப்போவாய்” என்று பிள்ளையை அதட்டாத தாயை நம் தோட்டப்புறத்தில் காண்பது அரிது. அந்தத் தாயின் கவலை நிறத்தைப் பற்றியது. மருத்துவம் அறிந்தவர்களோ அந்தக் கறுப்பை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். நம் தோலுக்குள் மெலனின் என்னும் கருநிறப் பொருள் ஒன்று இருக்கிறது. வெயிலோடு கலந்து வரும், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களை அது குடைபோல் நின்று தடுக்கிறது. வெயில் மிகுந்தால் குடையும் தடிக்கிறது. அதைத்தான் கறுத்துப்போவது என்கிறோம். அந்தக் குடை மெல்லியதாக வாய்த்தவர்களுக்கும், அறவே வாய்க்காதவர்களுக்கும் வெயில் என்ன செய்தது, பிறகு வெளிச்சத்தைக் கொண்டே அந்தக் கேட்டை நீக்க மனிதர் எப்படிக் கற்றனர் என்பதே இன்று நான் சொல்லவிருக்கும் வரலாறு.

நான் வளர்ந்த தோட்டத்தில், கீழ் லயத்தில், வெண்தோலும் வெளுத்த முடியுமாகப் பிறந்த பையன் ஒருவன் இருந்தான். தாய் தகப்பன் இருவரும் நம்மைப் போன்ற நிறத்தவர்களே. நாங்கள் அவனைச் “சின்னத் துரை” என்று கேலி செய்வோம், நானும் செய்தேன். வெளிச்சத்தில் கண் கூசி, எப்போதும் இமையை இடுக்கிக்கொண்டே நடப்பான். பால்மரம் வெட்டப் போகும் தாய் அவனையும் அழைத்துப்போய் மர நிழலிலேயே வைத்துக்கொள்வார். பதினைந்து வயதாகும்போதே அவன் மூக்கின் மேலும் காது மடலிலும் சொரசொரவென்று செதில் தட்டியிருந்தது. உரித்தால் போகும், சில நாளில் திரும்ப வரும். தொழுநோயோ என்று அஞ்சி ஒதுங்கியவர்களும் உண்டு. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதே இல்லை என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை.

அந்தச் செதிலுக்கு மருத்துவ நூல்கள் இட்டிருக்கும் பெயர் ஆக்டினிக் கெரடோசிஸ். நமக்கு எளிதாக இருக்கட்டும் என்று வெயில் காய்ப்பு என்றே சொல்கிறேன். இது கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரியும். உப்புத்தாளைத் தடவினாற்போல் இருக்கும். நெற்றி, மூக்கு, காது, வழுக்கைத் தலை, புறங்கை என்று ஆண்டுக்கணக்கில் வெயில் பட்ட இடங்களில்தான் தோன்றும். இது புற்றுநோய் அன்று. ஆனால் புற்றுநோய்க்குப் போகும் வழியில் முதல் படி. பல காய்ப்புகள் அந்தப் படியிலேயே நின்றுவிடும், சில தாமாகவே மறைந்தும் போகும். மிகச் சிலவே பின்னர்ப் புற்றாக மாறும். எது மாறும், எது மாறாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல இயலாது. ஆகவேதான் மருத்துவர்கள் எதையும் அலட்சியமாக விடுவதில்லை.

இந்தக் காய்ப்புக்கு வெயிலே காரணம் என்பது எப்படித் தெரிந்தது? உழைப்பாளிகளின் உடம்பைப் பார்த்துத்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் உன்னா என்ற தோல் மருத்துவர் இருந்தார். கப்பலோட்டிகளின் முகமும் கையும் தடித்து, செதிலடித்து, சிலருக்குப் புற்றாகவும் மாறியதைக் கண்டு 1894-இல் அதை எழுதிவைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, பிரான்சு நாட்டின் போர்தோ நகரத்தில் துப்ராய் என்ற மருத்துவர் இந்தக் காய்ப்பைத் தனியொரு நோயாக விவரித்தார். போர்தோவைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். நாம் பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்வதைப்போல் அங்குள்ள ஏழை மக்கள் திராட்சைக் கொடியை நம்பி வாழ்ந்தார்கள். நகரவாசிகளைவிடத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கே காய்ப்பும் தோல் புற்றும் மிகுதி என்பதைத் துப்ராய் கவனித்தார். ரப்பர் மரம் தன்னை வெட்டுகிறவனுக்கே நிழல் கொடுக்கிறது. திராட்சைக் கொடியோ ஆள் உயரம்கூட வளர்வதில்லை. அதன் கீழ் யார் ஒதுங்க முடியும்?

1928-இல் இலண்டனில் ஃபின்ட்லே என்பவர் சுண்டெலிகளின்மேல் புற ஊதா விளக்கொளியை நாள்தோறும் பாய்ச்சி, அவற்றுக்குத் தோல் புற்று வருவதைக் காட்டினார். சந்தேகத்துக்கு அதன்பின் இடமில்லை. வெள்ளையர் குடியேறிய ஆஸ்திரேலியாவில், நாற்பது வயதைக் கடந்த வெண்தோலினரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒரு காய்ப்பாவது இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தோட்டத்துத் துரைமார் சோலாத் தொப்பி இல்லாமல் வெளியே இறங்காததும் அலங்காரத்துக்காக மட்டும் அன்று.

வெயில் செய்த கேடு இது. இனி, வெளிச்சம் மருந்தான கதைக்கு வருவோம்.

வெளிச்சத்தை மருந்தாகக் கொள்ளும் எண்ணம் நமக்குப் புதிதன்று. வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயிலில் இருக்கச் செய்வது நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த முறையே. அந்த விதையில் உள்ள சோராலென் என்னும் பொருள் வெயிலின் வேகத்தைத் தோலில் கூட்டிவிடுகிறது என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. ஆனால் விளக்கைக் கொண்டு, அளந்து, முறையாகத் தோல் நோயைக் குணப்படுத்திக் காட்டிய முதல் மனிதர் நீல்ஸ் ஃபின்சன். டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில், வெயிலுக்கே ஏங்கும் குளிர்நாட்டில், 1860-இல் பிறந்தவர். இளமையிலேயே உள்ளுறுப்புகளைப் பற்றிய ஒரு கொடிய நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. உடம்பு சோரும்போதெல்லாம் வெயில் தேடிப் போய் உட்காருவார். கூரைமேல் படுத்திருந்த பூனை ஒன்று, நிழல் தன்னை எட்டும்போதெல்லாம் எழுந்து வெயிலுக்கு நகர்ந்துகொண்டே இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் தமக்கு இந்த ஆராய்ச்சியில் நாட்டம் பிறந்தது என்று அவர் சொன்னதாகக் கூறுவர்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் லூபஸ் என்னும் தோல் காசநோய் முகத்தை அரித்து உருவையே குலைத்துவிடும். நோயாளிகள் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பார்கள். 1895-இல் கோபன்ஹேகன் நகரத்தில் ஃபின்சன் ஒரு பொறியாளரின் முகத்தில் கார்பன் வில்விளக்கின் ஒளியைக் கண்ணாடி வில்லைகளால் குவித்துப் பாய்ச்சினார். பல மாதம் தொடர்ந்தபின் புண் ஆறியது. மறு ஆண்டே அவர் பெயரில் ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது. அங்கே நோயாளியின் முகத்தில் ஸ்படிக வில்லை ஒன்றைத் தாதி அழுத்திப் பிடித்திருப்பார். அந்த இடத்து இரத்தத்தை ஒதுக்கினால்தான் ஒளி ஆழமாக இறங்கும். உள்ளே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும், இல்லையேல் வெப்பம் சுட்டுவிடும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில் இப்படி. அந்தத் தாதியரின் கைவலியை எந்த நூலும் எழுதிவைக்கவில்லை. 1903-இல் ஃபின்சனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, 43 வயதில், அவர் காலமானார். பின்னர்க் காசநோய்க்கு மருந்துகள் வந்ததும் அவருடைய விளக்குகள் மூலைக்குப் போயின.

ஃபின்சனின் விளக்கில் ஒரு குறை உண்டு. புற ஊதாக் கதிரே அதன் பலம். அதே கதிர்தான் காய்ப்பையும் புற்றையும் உண்டாக்குவது. நோயுற்ற தோலை மட்டும் தொட்டு, நல்ல தோலை விட்டுவிட அந்த ஒளிக்குத் தெரியாது. இந்த முடிச்சை அவிழ்க்கும் முதல் நுனி, அவர் உயிரோடிருந்த காலத்திலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில், ஒரு மாணவர் கையில் தற்செயலாக அகப்பட்டது.

அவர் பெயர் ஆஸ்கர் ராப். பேராசிரியர் தப்பைனர் என்பவரிடம் பயின்றுவந்த மருத்துவ மாணவர். 1897-98 குளிர்காலத்தில், நீரில் வாழும் பாரமீசியம் என்னும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிர்கள் அக்ரிடின் என்ற சாயத்தில் எவ்வளவு நேரத்தில் மடிகின்றன என்று அவர் கணக்கெடுத்தார். அதே சாயம், அதே அளவு. ஆயினும் ஒருநாள் விரைவில் மடிந்த உயிர்கள் இன்னொரு நாள் நெடுநேரம் பிழைத்திருந்தன. வேறு மாணவராக இருந்தால் கணக்கில் பிழை என்று தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். ராப் யோசித்தார். ஒருநாள் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்தது, மறுநாள் வெளிச்சமாக இருந்தது, அந்த வேறுபாடுதான் காரணம் என்று அவர் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். சோதனை செய்து பார்த்தார். சாயம் மட்டும் இருந்தால் கேடில்லை, வெளிச்சம் மட்டும் இருந்தாலும் கேடில்லை. இரண்டும் சேர்ந்தால் உயிர் மடிகிறது. 1900-இல் இது அச்சாயிற்று.

தப்பைனர் இதன் பயனை உடனே உணர்ந்தார். 1903-இல் அவரும் எசியோனெக் என்ற தோல் மருத்துவரும் சேர்ந்து, தோல் புற்று உள்ளவர்களின் புண்மேல் இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தைத் தடவி, வெளிச்சத்தில் காட்டினர். பலன் தெரிந்தது. சாயத்துக்கும் ஒளிக்கும் மூன்றாவதாக ஒரு துணை வேண்டும், அது நாம் சுவாசிக்கும் பிராணவாயு என்பதையும் தப்பைனர் குழுவினர் கண்டறிந்தார்கள். சாயம் ஒளியை வாங்கிப் பிராணவாயுவிடம் கொடுக்கிறது. அந்த வாயு மூர்க்கம் கொண்டு, தான் தோன்றிய உயிரணுவையே அழிக்கிறது. அதன் ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிது; பக்கத்து அணுவரை போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். ஆகவே சாயம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் சேதம். ஃபின்சனின் விளக்குக்கு இல்லாத பகுத்தறிவு இந்த முறைக்கு இருந்தது.

இனி மளமளவென்று வேலை நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நடக்கவில்லை. தகுந்த சாயம் கிடைக்காமல் அரை நூற்றாண்டுக்குமேல் ஓடிற்று. இடையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1912-இல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஹெமட்டோபோர்ஃபிரின் என்னும் பொருளை, 200 மில்லிகிராம் அளவில், தம் இரத்தக் குழாயிலேயே ஏற்றிக்கொண்டார். வெயிலில் நின்றதும் முகமும் கையும் அடையாளம் தெரியாமல் வீங்கின. இரண்டு மாதங்களுக்கு மேல் அவர் வெளிச்சத்துக்கு அஞ்சி வாழ நேர்ந்தது. பிறருக்குக் கொடுக்குமுன் தாமே சோதித்துக்கொண்ட அவருடைய நேர்மையைப் பாராட்டலாம், பின்பற்றச் சொல்லமாட்டேன்.

அந்தப் பொருளையே சுத்திகரித்து, அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் தாமஸ் டவர்டி என்பவர் 1970-களில் சிகிச்சையாக்கினார். இரத்தத்தில் ஏற்றிய சாயம் நல்ல தசையைவிடப் புற்றுத் தசையில் கூடுதலாகத் தங்குகிறது, அங்கே சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கட்டி கருகுகிறது. 1978-இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 25 நோயாளிகளின் 113 கட்டிகளுக்குச் சிகிச்சை செய்து 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ சுருங்கியதைக் காட்டினார். அற்புதம்தான். ஆனால் மேயர்-பெட்ஸ் பட்ட துன்பம் இங்கும் தொடர்ந்தது. உடம்பு முழுதும் சாயம் பரவிவிடுவதால் நோயாளி வாரக்கணக்கில் வெயிலில் தலைகாட்ட இயலாது. அன்றாடம் வெளியே போய்க் கூலி வாங்கும் ஒருவருக்கு, மூக்கின்மேல் உள்ள ஒரு செதிலுக்காக இதைச் சொல்ல முடியுமா?

விடை கனடாவிலிருந்து வந்தது. அங்கே கிங்ஸ்டன் நகரத்தில் கென்னடி, போட்டியர், பிராஸ் என்னும் மூவர், 1990-இல், சாயத்தை வெளியிலிருந்து கொண்டுவராமல் உடம்பையே செய்யவைக்கும் வழியை அறிவித்தார்கள். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீம் என்னும் பொருளை நம் உயிரணுக்கள் படிப்படியாகத் தயாரிக்கின்றன. தொடக்கத்தில் இருப்பது அமினோலெவுலினிக் அமிலம். கடைசிக்கு முந்திய படியில் உருவாவது புரோட்டோபோர்ஃபிரின். அதுவே ஒளியை வாங்கும் சாயம். அதில் இரும்பு சேர்ந்தால் ஹீம் ஆகிவிடும், ஒளிக்கு அசையாது. நம் தோட்டத்து ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்துக்கு மீறிப் பால் வந்து இறங்கினால் என்ன ஆகும்? கடைசி உருளைக்கு முன்னால் பால்கட்டி குவிந்து கிடக்கும். அதுபோலவே, அந்த அமிலத்தைக் களிம்பாகக் காய்ப்பின்மேல் அளவுக்கு மீறித் தடவினால், கடைசிப் படிக்கு முன்னால் புரோட்டோபோர்ஃபிரின் குவிகிறது. கெட்டுப்போன அணுக்களில் அது நல்ல அணுக்களைவிட மிகுதியாகக் குவிகிறது. வெளிச்சத்தைக் காட்டினால் அவை மட்டும் மடிகின்றன. மற்ற உடம்புக்கு ஒன்றும் தெரியாது. இருட்டறையும் வேண்டியதில்லை, தடவிய இடத்தை ஓரிரு நாள் வெயில் படாமல் காத்தால் போதும்.

அமெரிக்க அரசு 1999 டிசம்பரில் வெயில் காய்ப்புக்கு இந்தச் சிகிச்சையை அங்கீகரித்தது. ராப் தம் சிற்றுயிர்களை உற்றுப் பார்த்த குளிர்காலத்திலிருந்து கணக்கிட்டால் நூறாண்டுக்கு மேல். தொடக்கத்தில் வகுத்த முறைப்படி, மருந்தைத் தடவி 14 முதல் 18 மணி நேரம் கழித்து, நீல விளக்கின் முன் 16 நிமிடம் 40 விநாடி அமர வேண்டும். ஐரோப்பாவில் வேறொரு களிம்பும், மூன்று மணி நேரக் காத்திருப்பும், சிவப்பு விளக்கும் வழக்கமாயின. விளக்கின் முன் அமரும்போது எரிச்சல் உண்டு. சிலருக்கு மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருக்குமாம். விசிறியை வைத்தும் குளிர்ந்த நீரைத் தெளித்தும் தணிப்பார்கள். பிறகு சில நாள் சிவந்து, பொருக்குத் தட்டி, உதிர்ந்துபோகும். கத்தி படாததால் பெரும்பாலும் தழும்பு விழுவதில்லை. முகம் முழுதும் காய்ப்பு பரவியவர்களுக்கு இது பெரிய வரம். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்ப்பதே எளிது, செலவும் குறைவு. ஆழமாக வேரூன்றிய புற்றுக்கு இந்த ஒளி எட்டாது, அதற்கு அறுவைதான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள், “எங்களுக்குத்தான் கறுப்புக் குடை இருக்கிறதே, இது எதற்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நிறத்தவர்க்கு வெயில் காய்ப்பு மிக அரிது. நமக்குத் தோல் புற்று வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்திலேயே வரும். பழைய தீப்புண் தழும்பு, ஆண்டுக்கணக்கில் ஆறாத கால் புண், இவற்றில்தான் கண் வைக்க வேண்டும். ஆறாத புண்ணை இலை வைத்துக் கட்டிக்கொண்டே காலம் கழிப்பது ஆபத்து. எல்லாக் காய்ப்பும் வெயிலால் வருவதும் இல்லை. ஆர்சனிக் என்னும் பாஷாணம் நாட்பட உடம்பில் சேர்ந்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காய்ப்பு எழும், புற்றாகவும் மாறும். ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் களையழிக்கத் தெளித்த சோடியம் ஆர்சனைட் அந்தப் பாஷாணத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் கீழ் லயத்துப் பையனைப்போல் மெலனின் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் எல்லா இனத்திலும் உண்டு. அவர்களுக்கு இந்தச் செய்தி முதன்மையானது. ஆப்பிரிக்காவின் வெயிலில் வாழும் இத்தகையோருக்கு இளவயதிலேயே காய்ப்பும் புற்றும் வருகின்றன. பிறந்ததிலிருந்தே அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழல். மூக்கிலோ காதிலோ உதட்டிலோ சொரசொரப்பு கண்டதும் தோல் மருத்துவர். காய்ப்பாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் பெரும்பாலும் கத்திக்கு வேலையில்லை. ஒளிச் சிகிச்சை எல்லா ஊர் மருத்துவமனையிலும் கிடைப்பதன்று, கருவியும் களிம்பும் விலை கூடியவை. எங்கே கிடைக்கும், வேறு வழி என்ன என்பதை அந்த மருத்துவரே சொல்வார்.

விளக்குச் செலவுக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. அது பிறந்த இடம் ஃபின்சன் வாழ்ந்த அதே கோபன்ஹேகன். அங்கே பிஸ்பியர்க் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் 2008-இல், விளக்கே இல்லாமல் பகல் வெளிச்சத்தில் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று காட்டினார்கள். முதலில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. கேடு செய்யும் கதிர் வெளியே நிற்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளி உள்ளே போகும். பிறகு செதிலை மெல்லச் சுரண்டிக் களிம்பு. அரை மணி நேரத்துக்குள் வெளியே போய் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. சாயம் உண்டாக உண்டாக ஒளி அதைச் சிறிது சிறிதாகச் செலவழித்துவிடுவதால் எரிச்சலும் ஏறக்குறைய இல்லை. வானம் மூடியிருந்தாலும் பலன் உண்டு. வெயில் கடுமையான ஆஸ்திரேலியாவிலும் பின்னர் இதைச் சோதித்துப் பயனுள்ளது என்று கண்டார்கள். வெயில் பொறுக்க முடியாத நாளில், நோயாளி மரத்தடி நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள்.